அப்போலோவை மூடிய கணக்கு: 344 ரிக்வெஸ்ட், 30 நாள், 50,000 ஆண்டுச் சந்தா

2023 மே 31 அன்று, மக்கள் குழு குழுவாகக் கூடி உரையாடும் இணையதளமான ரெடிட், தன் ஏபிஐக்கு (பிறர் செயலிகள் தளத்தின் தரவைக் கேட்டுப் பெறும் வாயில்) விலை சொன்னது: 5 கோடி ரிக்வெஸ்ட்டுக்கு, அதாவது அந்த வாயிலில் செயலி கேட்கும் 5 கோடி கேள்விக்கு, 12,000 டாலர். ஐபோனில் ரெடிட் படிக்கப் பலர் பயன்படுத்திவந்த அப்போலோ, அதற்கு முந்தைய மாதம் அனுப்பியிருந்தவை 700 கோடி ரிக்வெஸ்ட். வகுத்துப் பெருக்கினால் மாதத்துக்கு ஏறத்தாழ 17 லட்சம் டாலர், ஆண்டுக்கு 2 கோடி டாலர். புதிய விலை ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாளான ஜூன் 30 அன்று அப்போலோ நின்றுவிட்டது.

அந்த 2 கோடிதான் செய்திகளில் அதிகம் அடிபட்டது. ஆனால் பிறர் தளத்தின் மேல் செயலி கட்டும் தனி டெவலப்பருக்கு அதைவிடச் சின்ன மூன்று எண்கள்தான் பாடம்: ஒரு பயனர் ஒரு நாளில் அனுப்பும் 344 ரிக்வெஸ்ட், கொடுக்கப்பட்ட 30 நாள் அவகாசம், ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்த சுமார் 50,000 ஆண்டுச் சந்தாக்காரர்கள். மூன்றில் ஒன்று வேறாக இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்க வாய்ப்பு உண்டு. மூன்றும் ஒன்றாக வந்ததால்தான் மூடுவது ஒன்றே செலவு குறைந்த வழியானது.

செயலி எப்படிச் சம்பாதித்தது

அப்போலோவை உருவாக்கியவர் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்து ஹாலிஃபாக்ஸ் நகரைச் சேர்ந்த கிறிஸ்டியன் செலிக். ஆப்பிள் நிறுவனத்தில் பயிற்சிப் பணி முடித்துவிட்டு வந்து இதைத் தொடங்கினார். ஆப் ஸ்டோருக்கு வந்தது 2017 அக்டோபரில். ரெடிட் அதற்கு முன்பே, 2014இல், ஏலியன் புளூ என்ற பிறர் செய்த செயலியை விலைக்கு வாங்கியிருந்தது. 2016இல் தன் சொந்தச் செயலியைக் கொண்டுவந்து ஏலியன் புளூவை விலக்கிக்கொண்டது. ஆகவே அப்போலோ பிறந்த நாளிலிருந்தே தளத்துக்காரரின் சொந்தச் செயலிதான் அதன் போட்டியாளர். இந்த அமைப்பில் கடையை விரிப்பவர், இடத்துக்குச் சொந்தக்காரரே அடுத்த கடைக்காரர் என்பதை முதல் நாளே ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வருமானம் இரண்டு அடுக்காக வந்தது. பதிவு எழுதுவது போன்ற வசதிகளுக்கு ஒருமுறை கட்டணம். நோட்டிஃபிகேஷன் போன்றவற்றுக்கு அல்ட்ரா என்ற சந்தா. இந்தப் பிரிப்பில் நல்ல தர்க்கம் இருக்கிறது. செயலியின் உள்ளே நடப்பதெல்லாம் பயனரின் போனில், பயனரின் டேட்டாவில் ஓடுகிறது. டெவலப்பருக்கு அதனால் மாதச் செலவு இல்லை. நோட்டிஃபிகேஷனுக்கு மட்டும் டெவலப்பரின் சர்வர் இரவு பகலாக ஓட வேண்டும். எதற்கு மாதச் செலவோ அதற்கு மாத வரவு.

ஏபிஐ இலவசமாக இருக்கும்வரை இந்தக் கணக்கு பிழையற்றது. விலை வந்த நாளில் நிலைமை தலைகீழாகிவிட்டது. இலவசப் பயனர் ஒரு பக்கத்தை உருட்டினாலும் டெவலப்பருக்குச் செலவு. ஒருமுறை பணம் கட்டியவர் ஆயுள் முழுக்கச் செலவு. 50 டாலர் வாங்கிக்கொண்டு வாழ்நாள் சந்தா கொடுத்திருந்தால், ஸ்டோரின் 15 விழுக்காடு போகக் கையில் நிற்பது 42.50. மாதம் 2.48 டாலர் செலவு என்றால் அந்தப் பணம் 17 மாதத்தில் கரைந்துவிடும். அதன் பிறகு அந்தப் பயனர் நன்றியுள்ள வாடிக்கையாளராக இருந்தபடியே டெவலப்பரைக் கடனாளி ஆக்கிக்கொண்டிருப்பார்.

ஒரு பயனரின் விலை

2.48 எங்கிருந்து வந்தது? 5 கோடிக்கு 12,000 டாலர் என்றால் ஆயிரம் ரிக்வெஸ்ட்டுக்கு 24 சென்ட். அப்போலோவின் சராசரிப் பயனர் நாளுக்கு 344 ரிக்வெஸ்ட் அனுப்பினார் என்று செலிக் வெளியிட்டார். 30 நாளுக்கு 10,320. விலை 2.48 டாலர், அவர் சொன்னது சுமார் 2.50. சந்தாவின் மாத விலையைப் போல இரு மடங்குக்கும் மேல்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு எண்ணையும் அவர் கொடுத்தார். படங்களை வைத்துத்தரும் இமேஜர் தளத்துக்கு அதே 5 கோடி ரிக்வெஸ்ட்டுக்கு அவர் கட்டிவந்தது 166 டாலர். சர்வர் ஓட்டும் செலவை ஒட்டிய விலைக்கும் இதற்கும் உள்ள தூரம் 72 மடங்கு. அதே ஆண்டு ட்விட்டர் 5 கோடி ட்வீட்டுக்கு 42,000 டாலர் கேட்டிருந்தது. ரெடிட்டின் விலை அதைவிடக் குறைவு என்பதால் செயலிக்காரருக்கு ஒரு பயனும் இல்லை. விலை கட்டுபடியாகுமா என்பதற்கு ஒரே அளவுகோல், ஒரு பயனரிடமிருந்து வரும் நிகர மாத வருமானம்.

இலவச வரம்புக்குள் ஒதுங்கியிருக்க முடியாதா என்ற கேள்வி வரும். முன்பு வரம்பு ஒவ்வொரு பயனருக்கும் நிமிடத்துக்கு 60 ரிக்வெஸ்ட். புதிய விதியில் நிமிடத்துக்கு 100. ஆனால் அது செயலி முழுவதுக்கும், அதாவது தளம் செயலிக்குத் தரும் அடையாளமான ஒரு கிளையண்ட் ஐடிக்கு. எண் கூடியதுபோல் தெரியும். நாளுக்கு 1,44,000; ஆளுக்கு 344 என்று வகுத்தால் 418 பேர். 700 கோடியை 30 நாளுக்கும் 344க்கும் வகுத்தால் அப்போலோவில் ஒரு நாளில் இருந்தவர்கள் ஏறத்தாழ 6.8 லட்சம் பேர். ஏபிஐ ஆவணத்தில் வரம்பைப் படிக்கும்போது எண்ணைவிட முக்கியம் அது யார் தலைக்கு என்பது: பயனருக்கா, ஐபி என்ற இணைப்பு முகவரிக்கா, செயலிக்கா. இந்த ஒரு சொல் மாறினால் தொழிலே மாறிவிடும்.

344 அதிகமா?

அப்போலோ திறமையாக எழுதப்படவில்லை, இன்னொரு செயலி நாளுக்கு 100 அளவில்தான் அனுப்புகிறது என்று ரெடிட் தரப்பு சொன்னது. பழைய வரம்பின்படி ஒரு பயனருக்கு நாளுக்கு 86,400 வரை அனுமதி இருந்ததையும், அப்போலோ எடுத்துக்கொண்டது அதில் 0.4 விழுக்காடுதான் என்பதையும் செலிக் எடுத்துக்காட்டினார். சர்வர் பக்கத்து நிரலையும் பொதுவில் வைத்தார். யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்.

பொதுவாக இந்த வகைச் செயலியில் ரிக்வெஸ்ட் எங்கே செலவாகிறது என்பதை ஒருமுறை கையால் எண்ணிப் பார்ப்பது நல்லது. பயனர் செயலியைத் திறக்கிறார். முகப்புப் பட்டியலுக்கு 1, படிக்காத செய்தி உண்டா என்று பார்க்க 1, அவர் சேர்ந்துள்ள குழுக்களின் பட்டியலுக்கு 1, கணக்கு விவரத்துக்கு 1. விரல் வைக்கும் முன்பே 4. பட்டியல் 25 பதிவாக வரும். 150 பதிவு உருட்டினால் 6. அதில் 12 பதிவைத் திறந்தால் 12. நீண்ட உரையாடலில் "மேலும் கருத்துகள்" 8 முறை. வாக்கு 6. மொத்தம் 36. பேருந்திலும் சாப்பாட்டு இடைவேளையிலும் படுக்கையிலுமாக நாளில் பத்துமுறை இப்படித் திறப்பவர் 360ஐத் தொட்டுவிடுவார். 344 என்பது ஆர்வமுள்ள வாசகர் ஒருவரின் இயல்பான நாள்தான்.

குறைக்க இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. பட்டியலை 25க்குப் பதில் ரெடிட் அனுமதிக்கும் உச்சமான 100 ஆகக் கேட்டால் மேலே உள்ள 6, 2 ஆகும். ஆனால் முதல் திரை வர நேரமாகும். கடைசிப் பதிவை எட்டும்போது அதன் வாக்கு எண்ணிக்கை பழையதாகியிருக்கும். நடுவழி: முதல் கோரிக்கை 25, பயனர் உருட்டத் தொடங்கினால் அடுத்தது 100. குழுக்களின் பட்டியலை நாளுக்கு ஒருமுறை கேட்டால் போதும், திறக்கும்போதெல்லாம் வேண்டாம். பதிவைத் திறந்து மூடி ஐந்து நிமிடத்துக்குள் மீண்டும் திறந்தால் கேச்சிலிருந்து (போனில் சேமித்து வைத்த நகல்) காட்டலாம்; "புதுப்பி" என்று பயனர் இழுத்தால் மட்டும் புதிதாகக் கேட்கலாம்.

வீணாகும் இடங்கள் வேறு. இவை டெவலப்பரின் கண்ணுக்குப் படுவதில்லை, ஏனென்றால் செயலி நன்றாகவே ஓடும்.

திரையில் தெரியும் ஒவ்வொரு பதிவின் கருத்துகளையும் முன்கூட்டியே எடுத்து வைப்பது முதலாவது. தட்டியவுடன் திறப்பதால் பயனருக்குப் பிடிக்கும். ஒரு பக்கத்துக்கு 25 ரிக்வெஸ்ட், அதில் 23ஐ யாரும் பார்ப்பதில்லை. முன்னெடுப்பு, அதாவது இப்படி முன்கூட்டி எடுப்பது, வேண்டும் என்றால் பயனர் உருட்டுவதை நிறுத்தி ஒரு நொடி ஒரே பதிவில் நின்றபின் அந்த ஒன்றுக்கு மட்டும் செய்ய வேண்டும்.

போனின் முகப்புத் திரையில் நிற்கும் சிறு பெட்டியான விட்ஜெட் இரண்டாவது. ஐஓஎஸ்ஸில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு விட்ஜெட்டுக்கு நாளுக்கு 40 முதல் 70 புதுப்பிப்பு கிடைக்கும் என்பது ஆப்பிள் ஆவணம் தரும் அளவு. ஒருவர் மூன்று விட்ஜெட் வைத்தால் செயலியைத் திறக்காமலே 120 முதல் 210 ரிக்வெஸ்ட். மூன்றும் ஆப் குரூப் என்ற பொதுச் சேமிப்பிடத்தைப் பகிர்ந்து, அரைமணி நேரத்துக்குள் எடுத்த தரவு இருந்தால் அதையே காட்டினால் இது மூன்றில் ஒன்றாகும்.

மூன்றாவது, ஒரே நிகழ்வை மூன்று இடம் கேட்டுக்கொண்டிருப்பது. செயலி முன்னுக்கு வந்ததும் திரை ஒன்று புதுப்பிக்கும், செய்திப் பெட்டி ஒன்று புதுப்பிக்கும், விட்ஜெட்டுக்கு ஒன்று போகும். ஒரே முகவரிக்கு ஒரே நொடியில் போகும் ரிக்வெஸ்ட்களை ஒன்றாக்கும் சின்ன அடுக்கு நெட்வொர்க் பகுதியில் இருந்தால் போதும்: போய்க்கொண்டிருக்கும் ரிக்வெஸ்ட் இருந்தால் புதிதாக அனுப்பாமல் அதன் பதிலுக்கே காத்திருக்கச் செய்வது.

நான்காவதுதான் பெரிய ஆபத்து, மறுமுயற்சி. தளத்தின் சர்வர் தடுமாறி 503 (இப்போது சேவை இல்லை) என்ற பிழை எண்ணைக் கொடுக்கிறது. செயலி உடனே மறுபடி கேட்கிறது, மறுபடியும் கேட்கிறது. லட்சம் போன்கள் இதையே செய்தால் அந்த ஒரு மணி நேரம் ஒரு வாரத்தின் கணக்கைத் தின்றுவிடும். 429 (அளவுக்கு மீறிய ரிக்வெஸ்ட்) வந்தால் பதிலில் உள்ள காத்திருப்பு நேரத்தை மதிக்க வேண்டும். 503 போல 5இல் தொடங்கும் பிழை எண்களுக்கு 2, 4, 8, 16 நொடி என்று இடைவெளியை இரட்டித்து, அதில் தற்செயலாக ஒரு நொடி கூட்டிக் குறைத்து, நான்கு முறைக்குப் பின் நிறுத்திவிட வேண்டும். அந்தக் கூட்டல் குறைத்தல் இல்லாவிட்டால் எல்லா போன்களும் ஒரே நொடியில் திரும்ப வந்து நிற்கும்.

நோட்டிஃபிகேஷன் தனிக் கணக்கு

புதிய செய்தி வந்தால் தளமே செயலியின் சர்வருக்குச் சொல்லும் வசதி இல்லாதபோது, செயலியின் சர்வர் ஒவ்வொரு பயனருக்காகவும் போய்க் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போனே பின்னணியில் கேட்கலாமே என்றால், ஐஓஎஸ் பின்னணி நேரத்தைத் தன் விருப்பப்படிதான் தரும். குறித்த இடைவெளிக்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் சர்வர், அதனால்தான் சந்தா.

நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் ஒருவருக்கு நாளுக்கு 1,440 ரிக்வெஸ்ட். மேற்சொன்ன விலையில் மாதம் 10.37 டாலர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 288, மாதம் 2.07. கால்மணிக்கு ஒருமுறை என்றால் 96. மாதம் 69 சென்ட். பயனர் செயலியைத் தொடாமலே ஆகும் செலவு இது. எல்லோருக்கும் ஒரே இடைவெளி வைப்பது மோசமான முடிவு. கடந்த ஒரு மணியில் கருத்து எழுதியவருக்கு 2 நிமிடம், இன்று எதுவும் எழுதாதவருக்கு 30 நிமிடம், ஒரு வாரமாகச் செயலியைத் திறக்காதவருக்கு 6 மணி நேரம் என்று ஏற்றி இறக்கினால் சராசரி வெகுவாகச் சரியும், பயனருக்கு வேறுபாடும் தெரியாது. செயலியை நீக்கிவிட்டவரின் டோக்கனுக்கு (அவரது போனைக் குறிக்கும் அடையாளம்) ஆப்பிளின் சர்வர் 410, அதாவது இனி இல்லை, என்று திருப்பிச் சொல்லும்; அதைக் கண்டவுடன் அவருக்காகக் கேட்பதை நிறுத்த வேண்டும். இதைச் செய்யாத சர்வர்கள் போய்விட்டவர்களின் செய்திப் பெட்டியை ஆண்டுக்கணக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சரி, எல்லாவற்றையும் செய்து அப்போலோ 344ஐ 100 ஆக்கியிருந்தால்? 700 கோடி ஏறத்தாழ 203 கோடியாகும். மாதம் 4,88,000 டாலர். ஆண்டுக்கு 58 லட்சம். தனி மனிதர் நடத்தும் செயலிக்கு இதுவும் கட்டாது. ஒரு பயனருக்கு 72 சென்ட். மாதம் ஒரு டாலர் சந்தாவில் ஸ்டோர் கழிவு போக 85 சென்ட். மிச்சம் 13 சென்ட். அதில் சர்வர், வரி, ஆள் கூலி, அதோடு இலவசப் பயனர் அத்தனை பேரின் செலவும். திறமைக் குறைவு என்ற வாதத்தைக் கணக்கு தாங்கவில்லை. விளம்பரம் போட்டு இலவசப் பயனரைத் தாங்கலாம் என்றால் பிறர் செயலிகளில் விளம்பரத்துக்கும் புதிய விதி இடம் தரவில்லை.

30 நாளில் எதைச் செய்ய முடியும்

விலையை ஏற்றிச் சமாளிக்கலாம் என்பதே பலர் சொன்ன யோசனை. மாதம் 5 டாலர் ஆக்கு, வேண்டியவர் கட்டட்டும். ஏட்டளவில் சரி. நாட்காட்டியில் பொருந்தவில்லை.

சந்தா விலையை ஏற்றுவதற்கு ஆப்பிளின் விதி இருக்கிறது. 2022 மே முதல், ஏற்றம் 50 விழுக்காட்டுக்குள்ளும், மாதச் சந்தாவில் 5 டாலர், ஆண்டுச் சந்தாவில் 50 டாலருக்குள்ளும் இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை பயனரின் ஒப்புதல் கேட்காமல் அறிவிப்போடு ஏற்றலாம். இருந்த விலையை ஐந்து டாலராக்குவது அந்த வரம்புக்குள் வராது. ஒப்புதல் தராதவரின் சந்தா காலாவதியாகிவிடும். அதைவிட முக்கியம்: ஆண்டுச் சந்தாக்காரருக்குப் புதிய விலை அவரது அடுத்த புதுப்பிப்பு நாளில்தான் வரும். மே மாதம் பணம் கட்டியவர் அடுத்த மே வரை பழைய விலையிலேயே இருப்பார். அவரது ரிக்வெஸ்ட்டுக்குப் புதிய விலை ஜூலை 1 முதல்.

இதோ அந்த இடைவெளியின் அளவு. கணக்குக்கு ஆண்டுச் சந்தாவை 12 டாலர் என்று வைப்போம். மாதத்துக்கு 1 டாலர், கழிவு போக 85 சென்ட். செலவு 2.48. ஆளுக்கு மாதம் 1.63 நட்டம். 50,000 பேருக்கு மாதம் 81,500 டாலர். சந்தாக்கள் ஆண்டு முழுக்கப் பரவலாக விற்றவை என்றால் சராசரியாக ஆறு மாதம் மீதி இருக்கும், நட்டம் 4,89,000. பணம் கட்டுபவர் பெரும்பாலும் அதிகம் படிப்பவர் என்பதால் உண்மை இதற்கும் மேல்தான் இருக்கும்.

மாறாக மூடிவிட்டால்? 50,000 பேர், தலா 12 டாலர், கழிவு போக 5,10,000. மீதமுள்ள பாதிக் காலத்துக்குத் திருப்ப வேண்டியது 2,55,000. செலிக் ஜூன் 8 அன்று மூடுவதாக அறிவித்தபோது, பணத்தைத் திருப்புவதற்குத் தமக்கு ஆகும் என்று சொன்ன தொகை சுமார் 2,50,000 டாலர். இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்தால் முடிவின் காரணம் தெரிந்துவிடுகிறது. ஓட்டினால் அந்த 2,55,000 செலவில் கரைந்து, அதற்கு மேல் 4,89,000 நட்டம்.

இதே 30 நாளில் புதிய சந்தா அடுக்குகளை எழுத வேண்டும், இலவசப் பயனரை நிறுத்தும் வழியை எழுத வேண்டும், சோதிக்க வேண்டும், ஸ்டோர் ஆய்வைத் தாண்ட வேண்டும். அதன் பிறகும் ஒரு பிரச்சினை மிச்சம்: புதிய பதிப்பைப் பதிவிறக்காத போன்கள். பழைய பதிப்பு பழையபடி ரிக்வெஸ்ட் அனுப்பும், கட்டணம் டெவலப்பரின் கிளையண்ட் ஐடியில் ஏறும். இதற்குத் தடுப்பு முன்பே செயலிக்குள் இருக்க வேண்டும். செயலி தொடங்கும்போது டெவலப்பரின் இணைய முகவரியிலிருந்து இரண்டு கிலோபைட் அளவுள்ள ஒரு ஜேசன் கோப்பை (பெயரும் மதிப்புமாக எழுதிய சிறு உரைக் கோப்பு) படிக்கட்டும். அதில் குறைந்தபட்சப் பதிப்பு எண், பட்டியல் அளவு, முன்னெடுப்பு உண்டா இல்லையா, விட்ஜெட் இடைவெளி, "சேவை நின்றுவிட்டது" என்ற கொடி ஆகியவை இருக்கட்டும். எழுத ஒரு நாள் வேலை. நெருக்கடி வந்த பிறகு எழுதினால் பழைய போன்களுக்கு அது போய்ச் சேராது.

பணத்தைத் திருப்புவதும் பயனரின் மனமும்

இந்த நிலைமைக்கு முன்னுதாரணம் ஐந்து மாதம் முன்புதான் நடந்திருந்தது. 2023 ஜனவரி 12 அன்று ட்விட்டர் முன்னறிவிப்பின்றிப் பிற செயலிகளை நிறுத்தியது. ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் இரண்டும் ஆண்டுச் சந்தா விற்றவை. சேவையே இல்லாமல் போனதால் மீதிப் பணம் முழுக்கத் திரும்ப வேண்டிய நிலை. அவை கடைசியாக ஒரு பதிப்பை வெளியிட்டன. பயனர் திறந்தால், "எனக்குப் பணம் திரும்ப வேண்டாம்" என்று ஒரு பொத்தான். ட்வீட்பாட்டில் கூடுதலாக, ட்விட்டர் போன்ற மாஸ்டடான் தளத்துக்கு அதே நிறுவனம் செய்த செயலியான ஐவரிக்குச் சந்தாவை மாற்றிக்கொள்ளும் வழியும். அப்போலோவின் கடைசிப் பதிப்பிலும் பணம் திரும்ப வேண்டாம் என்னும் பொத்தான் வந்தது. அழுத்தியவர்கள் உண்டு. ஆறு ஆண்டு மனிதரோடு மனிதராகப் பதில் சொல்லிப் பழகிய டெவலப்பருக்குத்தான் அந்தப் பொத்தான் வேலை செய்யும். செயலியின் உதவிப் பக்கத்தில் யாரோ எழுதிய குறைக்குப் பொறுமையாக எழுதிய மறுமொழி ஒவ்வொன்றும் அன்று கணக்கில் வந்தது.

பேச்சுவார்த்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செலிக் வெளியிட்ட விவரப்படி, அந்த ஆண்டு ஜனவரியில் ஏபிஐயில் அண்மைக் காலத்தில் மாற்றம் இராது என்றே அவருக்குச் சொல்லப்பட்டது. ஏப்ரல் 18 அன்று கட்டணம் வரும் என்ற அறிவிப்பு; விலை சொல்லப்படவில்லை. பிறகு, அவர் ஒரு கோடி டாலர் கேட்டு மிரட்டினார் என்று ரெடிட் தரப்பிலிருந்து பேச்சு எழுந்தபோது, அழைப்பின் ஒலிப்பதிவை அவர் வெளியிட்டார். அழைப்பைப் பதிவு செய்யப் பேசுபவர்களில் ஒருவர் சம்மதம் போதும் என்பது கனடாச் சட்டம். எல்லா ஊரிலும் அப்படி இல்லை. எங்கும் செல்லுபடியாகும் வழி, அழைப்பு முடிந்த பத்து நிமிடத்தில் "நாம் பேசியது இவை, நான் புரிந்துகொண்டது இது, தவறிருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவது. வாய்ச்சொல்லை நம்பி ஆண்டுச் சந்தா விற்கக் கூடாது.

ஜூன் 12 முதல் 14 வரை 8,000க்கும் மேற்பட்ட குழுக்கள் எதிர்ப்பாகத் தங்களை மூடிக்கொண்டன. விலை மாறவில்லை. ஆர்ஐஎஃப், சிங்க், பேகன்ரீடர் ஆகிய பிற ரெடிட் செயலிகளும் ஜூன் 30 அன்று அப்போலோவோடு நின்றன. பார்வைக் குறைபாடு உள்ளோருக்கு உதவும் ரெட்ரீடர், டிஸ்டோப்பியா போன்றவற்றுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது.

பிழைத்தவை

ஐபோனில் ரெடிட் படிக்கும் நார்வால் செயலி பிழைத்தது. மாதம் 3.99 டாலர் சந்தா வைத்தது. ஆண்ட்ராய்டில் ரிலே பிழைத்தது. எவ்வளவு பயன்படுத்துகிறாரோ அதற்கேற்ற அடுக்குச் சந்தா, நிரலிலும் ரிக்வெஸ்ட்களைக் குறைத்தது. இரண்டுக்கும் பொதுவானது: பழைய ஆண்டுச் சந்தாவின் பெருஞ்சுமை அப்போலோ அளவுக்கு முதுகில் இல்லை. 3.99இல் கழிவு 15 விழுக்காடு போனால் 3.39. நாளுக்கு 344 அனுப்புபவரையே தாங்கும் விலை அது. பயனர்களில் பெரும்பாலோர் போய்விடுவார்கள், இருப்பவர்கள் செலவைக் கட்டுவார்கள். அப்போலோவால் இந்த நிலைக்கு வர முடியாமல் போனது விருப்பமின்மையால் அல்ல. அங்கே போகும் பாலத்தைக் கடக்க ஆறு மாதமாவது வேண்டியிருந்தது, கிடைத்தது ஒரு மாதம்.

ரெடிட்டோடு நிற்கும் விஷயமும் இல்லை இது. 2018 ஜூலையில் கூகுள் மேப்ஸ் கட்டண முறை மாறியபோது வரைபடம் வைத்த சின்ன இணையதளங்கள் திண்டாடின. டார்க் ஸ்கை வானிலை ஏபிஐயை ஆப்பிள் 2020இல் வாங்கி, 2023 மார்ச் கடைசியில் நிறுத்தியது. அங்கே மூன்று ஆண்டு அவகாசம் இருந்ததால் பல செயலிகள் வேறு தரவுக்கு மாறிக்கொண்டன.

இப்போது பிறர் ஏபிஐயின் மேல் கட்டிக்கொண்டிருப்பவர், இந்த வாரமே செய்யத்தக்கது ரிக்வெஸ்ட்டை எண்ணும் ஒரு சிறு நிரல். நெட்வொர்க் அடுக்கில் எந்த முகவரிக்கு எத்தனை ரிக்வெஸ்ட் என்று போனிலேயே எண்ணி, நாள் முடிவில் எண்ணிக்கையை மட்டும், ஆளை அடையாளம் காட்டாமல், சர்வருக்கு அனுப்பினால் போதும். சராசரியை மட்டும் பார்க்காமல் நடு எண்ணையும், மேல் 5 விழுக்காட்டினரின் எண்ணையும் பார்க்க வேண்டும். பணம் கட்டுபவரையும் கட்டாதவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறகு ஆயிரத்துக்கு 24 சென்ட் என்ற விலையைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெரிய தளம் உண்மையில் கேட்ட விலை என்பதால் கற்பனைக்கு அது நல்ல அளவு. அந்த விலையில் மாதச் சந்தா தாங்கவில்லை என்றால், ஆண்டுச் சந்தாவையும் வாழ்நாள் சந்தாவையும் விற்பதை அன்றோடு நிறுத்தி, மாதச் சந்தாவை மட்டும் வைத்திருப்பது நல்லது. ஆண்டுச் சந்தா விற்றே ஆக வேண்டும் என்றால், வந்த பணத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் ஒவ்வொரு மாதமும் செலவுக் கணக்குக்கு மாற்றி, மீதியைத் தனி வங்கிக் கணக்கில் தொடாமல் வைக்க வேண்டும். அது இன்னும் பயனரின் பணம்.

செலிக்கின் அடுத்த செயலிகளில் ஒன்று ஜூனோ. 2024 பிப்ரவரியில், தலையில் அணியும் கணினியான ஆப்பிள் விஷன் ப்ரோவோடு வந்த, யூடியூப் பார்க்கும் செயலி. மறுபடியும் பிறர் தளத்தின் மேல்தான். ஆனால் அமைப்பு வேறு: ஏபிஐயை நாடாமல் யூடியூப் இணையப் பக்கத்தையே உள்ளே காட்டியது; சந்தா இல்லை, 4.99 டாலர் ஒருமுறை கட்டணம். அதே ஆண்டு அக்டோபரில் யூடியூப் முறையிட்டதைத் தொடர்ந்து ஆப்பிள் அதை ஸ்டோரிலிருந்து எடுத்தது. இந்த முறை 50,000 பேருக்குத் திருப்ப வேண்டிய பணம் என்று எதுவும் நிற்கவில்லை. வாங்கியவர்களின் கையில், யூடியூப் தன் பக்கத்தை மாற்றும்வரை, செயலி ஓடிக்கொண்டிருந்தது.